பின்வரிசை மங்கிய குரூப் போட்டோ: குறை லென்ஸிலா, எண்ணிலா?

கடிதத்தின் சுருக்கம்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது இருபத்தேழு. அவருடைய தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்தியவர். சுற்றுவட்டார ஊர்களின் காதுகுத்தும் கல்யாணமும் அவருடைய ஃபிலிம் கேமராவில்தான் பதிவாகியிருக்கின்றன. மகன் இரண்டு ஆண்டுகளாகத் தனியாகத் திருமண வேலைகளை ஏற்று வருகிறார். அவரிடம் 24 மெகாபிக்சல் கொண்ட கிராப் சென்சார் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர் கேமராவும், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும், பிறகு வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன. அந்த 50 மி.மீ. லென்ஸை வாங்கிய நாள் முதல் அபெர்ச்சரை (ஒளி புகும் துளையின் அளவை) 1.8-ஐ விட்டு நகர்த்தியதில்லை என்று அவரே எழுதுகிறார். “காசு கொடுத்து 1.8 லென்ஸ் வாங்கிவிட்டு 5.6-ல் எடுப்பதற்குக் கிட் லென்ஸே போதுமே” என்பது அவர் வாதம். குரூப் போட்டோ என்றால் “எட்டுல வைடா” என்று தந்தை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அதைப் பழைய காலத்துப் பழக்கம் என்று மகன் ஒதுக்கிவிட்டார்.

சில மாதங்களுக்கு முன் எடுத்த ஒரு திருமணத்தில் சிக்கல் எழுந்தது. மேடையில் மூன்று வரிசையாக நின்ற குடும்பப் படங்களில் முன்வரிசை பளிச்சென்று விழுந்திருக்கிறது, பின்வரிசை மங்கியிருக்கிறது. பின்வரிசையில் நின்றவர்களில் ஒருவர் மணமகளின் தாய்மாமன். “தாய்மாமன் முகம் தெரியாத ஆல்பத்துக்கு மீதிப் பணம் எதற்கு?” என்று மணமகளின் தந்தை 22,000 ரூபாயை நிறுத்தி வைத்துவிட்டார். லென்ஸைப் பார்த்த பழுதுபார்க்கும் கடைக்காரர் ஃபோகஸ் கோளாறு என்றிருக்கிறார். மனம் நொந்த வாசகர், இனி எல்லாமே தெளிவாக விழட்டும் என்று அடுத்த வேலையில் கோயில் குளக்கரையில் எஃப் 22 வைத்து எடுத்தார். அந்தப் படங்கள் மொத்தமாகவே கூர்மை குறைந்து, வானத்தில் கரும்புள்ளிகளோடு வந்திருக்கின்றன. அது லென்ஸில் பூஞ்சை என்று அதே கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு: லென்ஸ் பழுதா? ஒரு லட்சம் கடன் வாங்கி 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா? மங்கிய முகங்களை மென்பொருளில் சரிசெய்யலாமா? பணம் வரும்வரை படங்களைத் தராமல் வைத்திருக்க எனக்கு உரிமை உண்டா?

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தோடு மூன்று படங்களையும் அவற்றை எடுத்தபோது இருந்த அளவுகளையும் அனுப்பியதற்கு நன்றி. பாதிப் பதில் அந்தப் படங்களிலேயே இருந்தது. குரூப் போட்டோவை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணமகளின் கண்ணிமை முடிகளும் கழுத்துச் சங்கிலியின் கண்ணிகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. லென்ஸ் பழுதாக இருந்தால், அல்லது ஃபோகஸ் முன்னோ பின்னோ தவறி விழும் கோளாறு இருந்தால், நீங்கள் ஃபோகஸ் வைத்த இடத்தில் இந்தக் கூர்மை கிடைத்திருக்காது. கை நடுங்கியிருந்தால் படம் முழுவதுமே ஒரு திசையில் இழுபட்டிருக்கும். இங்கே முன்வரிசை மிகத் தெளிவு, நடுவரிசை சற்று மங்கல், பின்வரிசை நன்றாகவே மங்கல் என்று தூரத்துக்குத் தக்கபடி படிப்படியாகத் தெளிவு குறைகிறது. அபெர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்ததன் அடையாளம் அது. லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். நன்றாக இருக்கும் லென்ஸைத் திறந்தால்தான் கோளாறு வரும்.

எண் சிறிது, துளை பெரிது

1.8 என்பது லென்ஸின் தரத்துக்குக் கொடுத்த மதிப்பெண் என்று நீங்கள் எண்ணியிருப்பதாகத் தெரிகிறது. பெரும்பாலான இளைஞர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அந்த எண்ணத்தை வளர்க்கின்றன. உண்மையில் அது ஒரு பின்னம். லென்ஸின் குவியத் தூரத்தில் (50 மி.மீ. லென்ஸ் என்பதில் உள்ள 50 அதுதான்) எத்தனையில் ஒரு பங்கு அகலத்துக்குத் துளை திறந்திருக்கிறது என்பதையே எஃப் எண் சொல்கிறது. நம் பழைய பின்னக் கணக்கில் சொல்வதானால் எஃப் 2 என்பது அரை, எஃப் 4 என்பது கால், எஃப் 8 என்பது அரைக்கால், எஃப் 16 என்பது வீசம். அரையைவிட வீசம் சிறிது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 வைத்தால் துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர், எஃப் 8 வைத்தால் ஆறேகால் மில்லிமீட்டர், எஃப் 16 வைத்தால் மூன்றை ஒட்டிய அளவு.

1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் துளையின் பரப்பு பாதியாகிறது, ஆகவே உள்ளே வரும் வெளிச்சமும் பாதியாகிறது. எண்கள் இரட்டிக்காமல் ஏறத்தாழ 1.4 மடங்காக ஏறுவதற்குக் காரணம், விட்டம் அந்த அளவு குறைந்தாலே பரப்பு பாதியாகிவிடும் என்பதுதான். உங்கள் கேமராவில் சக்கரத்தை மூன்று முறை ‘டிக்’ என்று திருப்பினால் ஒரு படி. 1.8-லிருந்து 5.6-க்குப் போவது மூன்று படிகளுக்குச் சற்று மேல். வெளிச்சம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மண்டபத்தில் இது மீண்டும் தேவைப்படும்.

துளை சுருங்கும்போது வெளிச்சம் குறைவதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்ற எல்லை விரிகிறது. இதைத் தெளிவின் ஆழம் என்று சொல்லலாம். உங்கள் படத்துக்கு இந்த ஆழத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மணமக்கள் கேமராவிலிருந்து ஏறக்குறைய 6 மீட்டர் தூரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். கிராப் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து அவர்கள்மீது ஃபோகஸ் செய்தால், அவர்களுக்குப் பின்னால் சுமார் 57 சென்டிமீட்டர் வரையில்தான் தெளிவு இருக்கும். நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள் அந்த எல்லையின் விளிம்பில் இருக்கிறார்கள். மூன்றாம் வரிசை நாற்காலியிலிருந்து ஒன்றேகால் மீட்டராவது தள்ளி நிற்கிறது. தாய்மாமன் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டார், அவ்வளவுதான். அதே இடத்தில் எஃப் 4 வைத்திருந்தால் பின்னால் 1.4 மீட்டரும், எஃப் 5.6 வைத்திருந்தால் 2 மீட்டருக்கு மேலும் கிடைத்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இந்த அளவுகள் நடுத்தர அளவில் அச்சிட்ட படத்தைக் கையில் வைத்துப் பார்ப்பதற்கான கணக்கு. 12-க்கு 36 அங்குல ஆல்பத் தாளில் விரித்துப் போடும்போது கண் இன்னும் கண்டிப்பாகப் பார்க்கும். ஆகவே கணக்கில் எஃப் 4 போதும் என்று வந்தாலும் 5.6 வைப்பதே பாதுகாப்பு. கேமராவின் முதுகிலுள்ள சிறு திரையில் எல்லாமே தெளிவாகத் தெரிந்ததாக எழுதியிருந்தீர்கள். அதற்கும் இதுவே காரணம். படம் சிறியதாக இருந்தால் மங்கலும் சிறியதாகிக் கண்ணுக்கு மறைந்துவிடும். குரூப் போட்டோ எடுத்தவுடன் பின்வரிசை முகம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் “அடுத்தவங்க வாங்க” என்று சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து நொடிகள் ஆகும். மேடையில் அந்த ஐந்து நொடிகள் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா சொன்ன எட்டு

உங்கள் தந்தையின் ‘எட்டு’ வெறும் பழக்கமாக வந்ததன்று. ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் வழிகாட்டி எண் என்று ஒன்று உண்டு. அதைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய எஃப் எண் கிடைக்கும். நூறு ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு) ஃபிலிமுக்கு வழிகாட்டி எண் 32 மீட்டர் கொண்ட ஃபிளாஷ் ஒன்றை அவர் வைத்திருந்தார் என்று கொள்வோம். 50 மி.மீ. லென்ஸோடு மூன்று வரிசைக் குடும்பத்தை அடக்க அவர் 4 மீட்டரில் நின்றிருப்பார். 32-ஐ நாலால் வகுத்தால் எட்டு. அந்த எட்டில் அவருக்குக் கிடைத்த தெளிவின் ஆழம் மூன்றரை மீட்டர், முன்வரிசைக் குழந்தை முதல் பின்னால் எட்டிப் பார்க்கும் சித்தப்பா வரை எல்லாரும் உள்ளே அடங்கிவிடுவார்கள். ரோலைக் கழுவி எடுக்கும்வரை படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லாத காலத்தில், முப்பத்தாறு படங்களில் ஒன்றும் வீணாகாமல் இருக்க அவர் கண்டுபிடித்த பாதுகாப்பான இடம் அது. அவருடைய பழைய லென்ஸில் ஃபோகஸ் வளையத்தின் அருகே 4, 8, 16 என்று இரு பக்கமும் கோடுகள் பொறித்திருக்கும். எந்த எண்ணில் எங்கிருந்து எங்கே வரை தெளிவு என்பதை அந்தக் கோடுகளே காட்டிவிடும். இன்றைய மலிவான லென்ஸ்களில் அவை இல்லை. அதனால்தான் உங்கள் தலைமுறைக்கு இந்த ஆழம் கண்ணில் படாத ஒன்றாகிவிட்டது.

அதே சமயம், கிராப் சென்சாரில் எட்டு வைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு எப்போதும் இல்லை. ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) ஒரே கூட்டத்தை அடக்கும்போது சிறிய சென்சாரில் தெளிவின் ஆழம் ஒரு படி கூடுதலாகவே கிடைக்கும். அப்பாவின் எட்டு ஏறத்தாழ உங்களுடைய ஐந்து புள்ளி ஆறு.

மண்டபத்தில் அவ்வளவு வெளிச்சம் ஏது?

“5.6 வைத்தால் படம் இருண்டுவிடுகிறது” என்பது உங்கள் கடிதத்தின் நியாயமான வரி. உங்கள் படத்தின் அளவுகள் எஃப் 1.8, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 400. மேடையில் வீடியோ லைட் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. 5.6-க்கு வர மூன்றே சொச்சம் படி வெளிச்சத்தை வேறெங்காவது ஈடுகட்ட வேண்டும். ஷட்டரை 1/100-க்கு இறக்குங்கள், ஒரு படி கிடைத்துவிட்டது. குரூப் போட்டோவுக்கு அசையாமல் நிற்பவர்களுக்கு அது போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் மண்டபத்து விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. 1/100 வைப்பதால் மேடைப் படங்களில் வரும் பட்டைகளும் நிற மாற்றமும்கூடக் குறையும். மீதியை ஐஎஸ்ஓ 2000 ஈடுகட்டிவிடும். உங்கள் கேமராவில் 2000-ல் புள்ளிகள் கொஞ்சம் தெரியும், ஆனால் எந்த மாமாவும் புள்ளியைப் பார்த்துப் பணத்தை நிறுத்த மாட்டார்.

இதைவிட நல்ல வழி ஃபிளாஷ். ஸ்டாண்டில் உயர்த்தி, குடையில் அடித்துத் திருப்பிய ஒரே ஒரு ஃபிளாஷ் இருந்தாலும் 5.6-ஐ நிம்மதியாக வைக்கலாம். கேமராவைச் சற்று உயரத்தில், ஒரு ஸ்டூல்மேல் நின்று பிடிப்பதும் உதவும், ஏனெனில் மேலிருந்து சாய்த்துப் பார்க்கும்போது முன்வரிசை முகத்துக்கும் பின்வரிசை முகத்துக்கும் கேமராவிலிருந்து உள்ள தூர வித்தியாசம் குறைகிறது. நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளி வரிசைகளை நெருக்குவதற்குச் செலவே இல்லை. ஃபோகஸ் புள்ளியை முன்வரிசையில் வைப்பதா, நடுவரிசையில் வைப்பதா என்று குழம்ப வேண்டாம், 5.6-ல் மணமக்கள்மீதே வைத்தாலும் பின்வரிசை அடங்கிவிடும். 4-க்கு இறங்க நேர்ந்தால் மட்டும் நடுவரிசைக்கு மாற்றுங்கள்.

1.8-ஐ மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மணமகளைத் தனியாக நிறுத்தி, பின்னாலுள்ள சீரியல் விளக்குகள் வட்ட வட்டமாக உருகும்படி எடுக்கும் படத்துக்கு அது அழகான எண்தான். ஆனால் அங்கும் அளவு தெரிந்திருக்க வேண்டும். ஒன்றரை மீட்டரில் 1.8 வைத்தால் கிடைக்கும் மொத்த ஆழம் 6 சென்டிமீட்டர்தான். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் மூக்குத்தி தெளிவாக விழும், ஜிமிக்கி மங்கிவிடும். அதைத் தெரிந்தே செய்கிறீர்கள் என்றால் சரி. தாலி கட்டும் நொடிக்கு இந்த விளையாட்டு வேண்டாம். இரண்டரை மீட்டரில் 1.8-ன் ஆழம் 18 சென்டிமீட்டர். மணமகனின் விரல், மணமகளின் கழுத்து, பின்னால் முடிச்சுக்குக் கை நீட்டும் நாத்தனார் என்று எல்லாம் அதற்குள் அடங்காது. எஃப் 4 வைத்தால் 40 சென்டிமீட்டர். திரும்ப எடுக்க முடியாத நொடியில் எனக்கு 40 வேண்டும். உங்கள் 50 மி.மீ. லென்ஸ் தன் உச்சக் கூர்மையைத் தருவதும் முழுக்கத் திறந்த 1.8-ல் அன்று, இரண்டு மூன்று படி சுருக்கிய 4-5.6 பகுதியில்தான். ‘5.6-க்குக் கிட் லென்ஸே போதுமே’ என்ற உங்கள் வாதம் இங்கே விழுந்துவிடுகிறது: 55 மி.மீ.-ல் கிட் லென்ஸுக்கு 5.6 என்பது முழுக்கத் திறந்த நிலை, உங்கள் 50-க்கோ அது மூன்று படி சுருங்கி ஓய்வாக வேலை செய்யும் நிலை.

பின்னணி மங்கினால்தான் அது தொழில்முறைப் படம் என்ற எண்ணத்துக்கும் ஒரு வார்த்தை. 1932-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்டு வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். படத்தை வேண்டுமென்றே மென்மையாக்கி ஓவியம் போலக் காட்டும் அந்நாளைய வழக்கத்தை மறுத்து, சட்டத்தில் உள்ள அனைத்தும் கூர்மையாக இருக்க வேண்டும் என்றவர்கள் அவர்கள். குழுவுக்கு அவர்கள் வைத்த பெயரே ‘எஃப் 64’. ஒளிப்படக் கலையில் அவர்களைவிடப் பெரிய தொழில்முறைக்காரர்களைத் தேடுவது கடினம்.

அப்படியானால் எஃப் 22 ஏன் கைவிட்டது?

ஒரு கோடியில் அடிபட்டு மறுகோடிக்கு ஓடிவிட்டீர்கள். துளை மிகச் சிறியதாகும்போது ஒளி அதன் விளிம்பில் பட்டுச் சிதறிப் பரவுகிறது. எஃப் 22-ல் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் அகல வட்டமாக விழும். உங்கள் சென்சாரின் ஒரு பிக்சல் சுமார் 0.004 மில்லிமீட்டர்தான். ஒரு பிக்சலில் அடங்க வேண்டிய விவரம் ஏழு பிக்சல் அகலத்துக்குப் பரவினால் கூர்மை எங்கே நிற்கும்? உங்கள் கேமராவில் எஃப் 11-ஐத் தாண்ட வேண்டிய அவசியம் திருமண வேலையில் அநேகமாக வராது. எஃப் 64 குழுவினர் பயன்படுத்தியது எட்டுக்குப் பத்து அங்குலம் வரையிலான பெரிய ஃபிலிம். அதைப் பெரிதாக்காமலே அச்சிட முடிந்ததால் அந்தப் பரவல் அவர்கள் படத்தில் கண்ணை உறுத்தவில்லை. அந்த எண்ணைச் சிறிய சென்சாரில் தேடாதீர்கள்.

வானத்தில் தெரிந்த கரும்புள்ளிகள் பூஞ்சை அல்ல, சென்சாரின் மேலுள்ள தூசி. லென்ஸுக்குள் பூஞ்சை இருந்தால் படம் முழுவதும் வெளுத்துப் பனி படர்ந்தது போலாகும்; இப்படித் தனித்தனிப் புள்ளியாக விழாது. துளை பெரிதாக இருக்கையில் ஒளி பல கோணங்களிலிருந்து வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும், துளை ஊசி முனையாகச் சுருங்கும்போது நிழல் அழுத்தமாக விழும். சந்தேகம் இருந்தால் வேறொரு லென்ஸை மாட்டி, வெறும் வானத்தை எஃப் 22-ல் எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் அதே இடத்தில் இருந்தால் சென்சாரைச் சுத்தம் செய்தால் போதும். அந்தக் கடைக்காரர் இரண்டு முறையும் தவறாகச் சொல்லியிருக்கிறார். நேர்மையான தவறாகவே இருக்கட்டும், அடுத்த முறை வேறு கடைக்குப் போங்கள்.

கடன் வாங்கி 85 மி.மீ. எஃப் 1.4

வேண்டாம். 1.8-லிருந்து 1.4-க்குப் போனால் கிடைக்கும் கூடுதல் வெளிச்சம் ஒரு படிகூட இல்லை, மூன்றில் இரண்டு பங்கு படி. அந்த லென்ஸில் அதே மூன்று வரிசைக் குடும்பத்தைச் சட்டத்தில் அடக்க நீங்கள் 10 மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்க வேண்டும். சிறிய மண்டபத்தில் பந்தி நடக்கும் இடத்திலிருந்துதான் எடுக்க முடியும். போய் 1.4-ல் எடுத்தாலும் மணமக்களுக்குப் பின்னால் தெளிவு சுமார் 40 சென்டிமீட்டர். இப்போது இருப்பதைவிடக் குறைவு. உங்கள் நோயை அது கூட்டவே செய்யும்.

கையில் பணம் சேர்ந்தால் முதலில் நல்ல ஃபிளாஷ், ஸ்டாண்டு, குடை, ஃபிளாஷைத் தள்ளி வைத்து இயக்கும் டிரிக்கர். அதற்குப் பிறகு கிராப் சென்சாருக்கான 17-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஒன்றைப் பழையதாகத் தேடுங்கள். எந்த ஜூமிலும் 2.8 மாறாமல் நிற்பதால் மேடையில் அளவுகள் தடுமாறாது. 85 மி.மீ. மீது ஆசை இருந்தால் வெளிப்புறப் படப்பிடிப்புள்ள நாளில் மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆசை நியாயமானதே, வட்டி கட்டும் அளவுக்கு அதில் தேவை இல்லை.

மணமகளின் தந்தையிடம் என்ன சொல்வது?

மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் கூர்மையாக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிறிய மங்கலை அது சரிசெய்யும். ஆனால் தாய்மாமனின் முகத்தில் உள்ள மங்கல் அளவுக்கு விவரம் போய்விட்டால், மென்பொருள் அதை மீட்பதில்லை, ஊகித்து வரைகிறது. கண்ணும் பல்லும் துல்லியமாக வரும், ஆள் வேறாக இருப்பார். ஆல்பத்தில் அவர் மனைவி அதை முதலில் கண்டுபிடிப்பார்.

படங்களைத் தராமல் வைத்திருப்பது உங்களுக்கே ஆபத்து. நான் வழக்குரைஞர் அல்லேன். ஆயினும் இத்தொழிலில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் தந்து எடுக்கச் செய்யும் ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரே ஆவார். ‘நான் எடுத்த படம், என் உரிமை’ என்ற நம்பிக்கை கூலிக்கு எடுத்த படத்துக்குப் பொருந்தாது. அடுத்து, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். உங்கள் தொகை அளவுக்கு அவருக்குக் கட்டணமும் இல்லை. அங்கே உங்கள் படமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும், ஏனெனில் அதனுள்ளேயே எஃப் 1.8 என்று பதிந்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், அதோடு உள்ளூர் வழக்குரைஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் அதற்கு முன் நேரில் போய்ப் பேசுங்கள். குறை உங்களுடையது, அதைச் சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். நாற்பது குடும்பப் படங்களில் பதினொன்றுதான் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் ஏழெட்டை ஆல்பத்தின் முழுப் பக்கத்திலிருந்து இறக்கி, ஒரே பக்கத்தில் நாலைந்தாகச் சிறிதாக வையுங்கள். சிறிய திரையில் மறைந்த மங்கல் சிறிய அச்சிலும் பெருமளவு மறையும். தாய்மாமன் இருக்கும் படத்தை மட்டும் அப்படிச் சமாளிக்க முயலாதீர்கள். அந்தக் குடும்பம் அடுத்து கூடும் நாளில், வளைகாப்போ வீட்டு விசேஷமோ எதுவானாலும், அவரை மணமக்களோடு நடுவில் நிறுத்தி மீண்டும் எடுத்துத் தருவதாகச் சொல்லுங்கள், செலவு உங்களுடையது. மீதித் தொகையில் ஒரு பகுதியை நீங்களே குறைத்துக்கொள்ள முன்வந்தால் எஞ்சியதைப் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். 22,000-மும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்த மறுபடப்பிடிப்புக்கு முன் வீட்டில் ஒரு மாலை செலவிடுங்கள். முன்றிலில் மூன்று நாற்காலிகளை எழுபது சென்டிமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்று விலக்கிப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நாளிதழை நிமிர்த்தி வையுங்கள். 6 மீட்டரிலிருந்து முதல் நாளிதழில் ஃபோகஸ் வைத்து 1.8, 2.8, 4, 5.6, 8 என்று ஐந்து படங்கள் எடுத்துக் கணினியில் பெரிதாக்கினால், மூன்றாவது நாளிதழின் தலைப்பு எந்த எண்ணில் படிக்கக் கிடைக்கிறது என்பது தெரியும். உங்கள் கேமராவுக்கும் லென்ஸுக்கும் உரிய எண் அது. வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. தந்தையையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் வைக்கும் கோணத்தை அவர் சொல்லித் தருவார்.

அவருடைய பழைய ஃபிளாஷை மட்டும் உங்கள் டிஎஸ்எல்ஆர் மீது நேரடியாக மாட்டிவிடாதீர்கள். அக்காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றின் டிரிக்கர் முனையில் இருநூறு வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். இன்றைய கேமராக்கள் சிலவற்றின் மின்சுற்று அதைத் தாங்காது. மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு, அதிகமாக இருந்தால் அதை அவருடைய அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.